மெழுகுவர்த்தி வேண்டாம்

அன்புள்ள கண்ணம்மா,

அம்மாவின் நினைவு மலருக்காக நீ எழுதி அனுப்பிய பக்கங்கள் கிடைத்தன. இரண்டு முறை படித்தேன். படங்களை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். ஃபோனில் சொன்னால் நீ அழுவாய், நான் உளறுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே ‘தன்னை உருக்கி எங்களுக்கு ஒளி தந்த மெழுகுவர்த்தி’ என்று போட்டிருக்கிறாய். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எழுந்து போய் அணைத்து, எரியவிட்டவரைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்து உட்காருகிறவள் உன் அம்மா. அவளைப் போய் மெழுகுவர்த்தி என்கிறாயே! அடுத்த பக்கத்தில் ‘தான் பட்டினி கிடந்து பிறருக்கு ஊட்டியவள்’. இது யாருடைய அம்மா? அவளுக்குப் பசி பொறுக்காது. நம்மை எழுப்புவதற்கு முன்பே சாப்பிட்டு, தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். “வெறும் வயித்தோட நின்னா உங்க மேலதான் எரிஞ்சு விழுவேன், பரவாயில்லையா?” என்று என்னையே கேட்டிருக்கிறாள்.

நீ பொய் எழுதிவிட்டாய் என்று சொல்லவில்லை. அம்மா என்று எழுதத் தொடங்கினாலே கை அந்த வார்த்தைகளுக்குத் தானாகப் போய்விடுகிறது. ஆனால் ஒருத்தியைத் தியாகி ஆக்கிவிட்டால் அவளுடைய கெட்டிக்காரத்தனம் யார் கண்ணிலும் படாமல் போகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் இறப்பைப் பதிவு செய்யக் கொடுத்த படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. என் பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். 41 ஆண்டு அவளோடு குடித்தனம் நடத்தியவன், அதுவும் கணக்கு எழுதியே பிழைத்தவன், எழுதின பதில் அது.

கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது பிகூ என்ற ஆங்கிலேயரின் வேடிக்கையான கணக்கு ஒன்றைச் சொல்லித்தந்தார்கள். 1920-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்யும் பெண்ணை முதலாளியே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுமாம். செய்கிற வேலை அதேதான். சம்பளம் நின்றதும் அது கணக்கிலிருந்தும் விழுந்துவிடுகிறது. கல்யாணமான புதிதில், படித்தவன் என்று காட்டிக்கொள்ள இதை உன் அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. “அப்போ நான் சண்டை போட்டுட்டு மாசச் சம்பளம் கேட்டா நாடு முன்னேறிடுமா?” என்றாள். பிகூ கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பதைப் பிறகு எங்கோ படித்தேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். நன்றாகச் சிரித்திருப்பாள்.

‘ஐஸ்லாந்து நாள்’ உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வீட்டு வேலை, வெளி வேலை இரண்டையும் போட்டுவிட்டு நின்றார்கள், ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருக்கிறாள். நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விடுமுறை நாளில் காலையிலேயே நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, ஒரு தடிமனான நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “கத்தரிக்கோல் எங்கே?” என்று கேட்டேன். “ஐஸ்லாந்து” என்றாள். “பால்காரருக்குக் கொடுத்தாச்சா?” “ஐஸ்லாந்து.” நீ உன் இடது கால் ஷூவைத் தேடி அழுதாய். அதற்கும் அதே பதில். நீ சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தாய், நான்தான் கோபப்பட்டேன்.

எனக்கு எண்ணுகிற புத்தி. அன்று சாயங்காலத்துக்குள் 31 கேள்வி கேட்டிருந்தேன். ‘எங்கே’, ‘எப்போது’, ‘யாருக்கு’, ‘எவ்வளவு’. ‘எப்படிச் செய்வது’ என்று ஒன்றுகூட இல்லை. செய்ய எனக்கும் கை இருந்தது. எதைச் செய்ய வேண்டும் என்பது முழுக்க அவள் தலைக்குள் இருந்தது. அது எனக்குப் புரிந்தது இப்போதுதான். அன்றைக்கு, பிடிவாதக்காரி என்றுதான் நினைத்தேன். (பிடிவாதக்காரிதான். அதை மலரில் போடு.)

அவள் போன பிறகு சமையலுக்கு ஓர் அம்மாவையும் துடைத்துப் பெருக்க ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்தாய். இருவரும் நல்லவர்கள். மார்கரெட் ரீட் என்ற பொருளாதார அறிஞர் 1934-இலேயே இதற்கு ஓர் அளவுகோல் சொன்னார். காசு கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைக்கக்கூடியது எதுவோ, அதை வீட்டில் இலவசமாகச் செய்தாலும் அது உழைப்புதான். ரொம்பச் சரி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் 64 நாடுகளின் கணக்கை வைத்து, பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் இப்படிச் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம் என்றது. 41 ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்தேன். 66,000 மணி நேரத்துக்கு மேல் வந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கை வேலையின் நேரம்தானே அது! சமைக்கிற அம்மா தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “இன்னிக்கு என்ன செய்யணும்?” என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. நேற்று என்ன செய்தோம், எது கெட்டுப்போகும், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எது தீரப்போகிறது. நூறு விஷயம் தெரிந்தால்தான் அதற்குப் பதில் வரும். போன மாதம் என் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனதே, கடை திறக்காத நாளாகப் பார்த்துத் தீர்ந்தது. அவள் இருந்தவரை எனக்கு மாத்திரை தீர்ந்ததே கிடையாது. தீரும் என்பதே எனக்குத் தெரியாது.

அவளிடம் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. எதையும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. உன்னைக்கூட அடுக்களையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க விடமாட்டாள். “நீ போய்ப் படி” என்பாள். அன்பு என்று நீ எழுதியிருக்கிறாய். பாதி அன்பு. மீதி, அது அவளுடைய ராஜ்ஜியம், சாவியை யாரிடமும் தரமாட்டாள். என் மேல் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டாள், ஆனால் அந்த இரண்டு நாளும் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் இருக்கும். நான் செய்த ஒரு தப்பையும் அவள் கடைசிவரை மறந்ததில்லை. தேதியோடு சொல்வாள்.

தேதி என்றதும், உனக்கு எழுத வேண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அடுக்களை அலமாரியின் இடது கதவை உள்பக்கம் நீ பார்த்திருக்கிறாயா? நான் போன வாரம்தான் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பென்சிலில் பொடிப்பொடியாகத் தேதிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் எழுத்து. ‘சி’ என்பது சிலிண்டர் மாற்றிய நாள். ‘தொ’ தண்ணீர்த் தொட்டி கழுவியது. மேலே மங்கிப்போய் ‘ஊ’ என்று ஒரு வரிசை. உன் பழைய மருத்துவ அட்டையோடு ஒத்துப் பார்த்தேன், உனக்குப் போட்ட தடுப்பூசிகள், ஒன்றுகூடத் தப்பவில்லை. ‘க’ எனக்குக் கண் பரிசோதனை. ஒரு மணி நேரம் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்தக் கதவைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சிலிண்டர் தேதியை இப்போது நான் எழுதுகிறேன், அவளுடைய வரிசைக்குக் கீழே.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ‘ம’ என்று போட்டு 17 தேதிகள் இருக்கின்றன. இத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு எதுவும் இல்லை. மருந்து பில்களோடு ஒத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. மகள் என்பதாக இருக்குமோ என்று நீ வந்துபோன நாட்களையும் பார்த்துவிட்டேன், அதுவும் இல்லை. கடைசித் தேதி அவள் படுக்கையில் விழுவதற்கு மூன்று வாரத்துக்கு முந்தையது. எல்லாத் தேதிகளையும் இன்னொரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அது என்னவென்று உனக்குத் தெரிந்தால் உடனே எழுது.

அப்பா