பூந்திக்கொட்டை மாலை

அன்புள்ள கண்ணுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. காட்மாண்டுவில் பௌத்தநாத் தூபியைச் சுற்றியுள்ள கடையில் வாங்கினேன் என்றாயே, அந்த ஜெபமாலையின் மணிகளை அப்பா முதல் வேலையாக எண்ணிப் பார்த்தார். "108 சரியாக இருக்கிறது, ஏமாற்றவில்லை" என்றார். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது அவருக்கு.

நீயும் ஒன்று வாங்கி மணிக்கட்டில் நான்கு சுற்றாகச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போவதாகவும், "ஜெபம் பண்ணுவதை வளையலாகப் போடலாமா?" என்று யாரோ கேட்டதில் மனது சரியில்லை என்றும் எழுதியிருந்தாய். தாராளமாகப் போட்டுக்கொள்.

நீ ஆறாவது படிக்கும்போது ஊட்டி போனோமே, ஞாபகம் இருக்கிறதா? தாவரவியல் பூங்கா பக்கத்துத் திபெத்தியர் கடைகளில் உனக்கு நீல ஸ்வெட்டர் எடுத்தோம். விற்ற அம்மாளின் இடது கையில் மாலை ஓடிக்கொண்டே இருந்தது. நான் விலை கேட்டேன். விரல் நின்றது. அந்த மணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே என்னோடு பேரம் பேசினார், ஐம்பது ரூபாய் குறைத்தார், சில்லறை கொடுத்தார், பிறகு விட்ட மணியிலிருந்து தொடர்ந்தார். அடுத்து நான்கைந்து பேர் சேர்ந்து வந்ததும் மாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். பவளமும் பச்சைக்கல்லும் இடையிடையே கோர்த்த மாலை, அழகாகத்தான் இருந்தது. அது நகையா ஜெபமாலையா என்று அவரிடம் கேட்டிருந்தால் என் கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது.

அன்று நானும் 27 மணிக் கைமாலை ஒன்று வாங்கினேன். ரப்பர் நூலில் கோர்த்தது. கீழே இறங்கும்போது பஸ்ஸிலேயே அறுந்துவிட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் மணிகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருள, நீ சீட்டுக்கடியில் புகுந்து பொறுக்கினாய். 19தான் கிடைத்தன. அதனால் சொல்கிறேன், ரப்பர் நூல் வேண்டாம். நல்ல நூலில், மணிக்கு மணி முடிச்சுப் போட்டு வாங்கு. அறுந்தாலும் ஒன்றிரண்டோடு போகும். குளிக்கும்போது கழற்றி வை, சென்ட் அடித்த கையில் போடாதே. விதை மணிக்குத் தண்ணீர் ஆகாது. விரல் பட்டுப் பட்டு வரும் பளபளப்புதான் அதற்கு அழகு, அது கடையில் கிடைக்காது.

மாலை மணிகள் புத்தர் ஞானம் பெற்ற அரச மரத்தின் விதை என்று எழுதியிருந்தாயே, படித்துச் சிரித்துவிட்டேன். நம் பிள்ளையார் கோயில் அரச மரத்தடியில் விளையாடியவள் நீ. அரசம்பழ விதை கடுகைவிடச் சிறியது, அதில் எப்படித் துளை போடுவது? 'போதி விதை' என்ற பெயரில் பல மரங்களின் விதைகள் விற்கின்றன. நேபாளத்தில் மதிப்பு அதிகம் என்பது காட்மாண்டுவுக்குக் கிழக்கே திமால் பக்கத்தில் விளையும் புத்தசித்தம். அது நம் இலந்தைக்குச் சொந்தக்கார மரம். தனி இனம் என்று 2015இல்தான் பெயர் வைத்தார்கள். மணி சிறுக்கச் சிறுக்க விலை ஏறுமாம். நீ கொடுத்த காசுக்கு அது கிடைத்திருக்காது, போகட்டும், மாலை நன்றாகத்தான் இருக்கிறது.

பால்காரர் வருவதற்கு முன் தினமும் மாலையோடு உட்காருகிறேன். எனக்கு மந்திரம் எதுவும் இல்லை. மூச்சு வெளியே போகும்போது ஒரு மணி, அவ்வளவுதான். முன்பு மனதுக்குள் எண்ணுவேன், இருபதைத் தாண்டுவதற்குள் தோசை மாவு, கரண்ட் பில் என்று போய்விடும், திரும்பி வந்தால் எந்த எண்ணில் விட்டேன் என்று தெரியாது. இப்போதும் போகிறது. ஆனால் திரும்பி வரும்போது விரல் அதே மணியில் நிற்கிறது. ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம் ஆகிறது. மாலை முடியும் இடத்தில் தனியாக இருக்கும் நாயகமணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்கிறேன். திபெத்தியர்கள் ஒரு சுற்றை நூறு என்றுதான் கணக்கு வைப்பார்களாம், மீதி எட்டு தப்பியதற்கும் தவறவிட்டதற்கும். அந்த எட்டு எனக்காகவே வைத்தது. உன் அம்மாயி ருத்திராட்சத்தை ஆள்காட்டி விரல் படாமல்தான் உருட்டுவார், அதுவும் துணிக்குள் மறைத்து. ஊட்டி அம்மாள் ஆள்காட்டி விரலால்தான் தள்ளினார், ஊரே பார்க்க. நான் இரண்டும் கலந்து ஏதோ செய்கிறேன்.

இந்த மாலைக்கு ஒரு கதை உண்டு. சீன மொழியில் இருக்கும் பழைய சூத்திரம் ஒன்றில், எல்லையோரத்துச் சிறு நாட்டு ராஜா புத்தருக்கு ஆள் அனுப்புகிறார்: கொள்ளை, பஞ்சம், நோய், எனக்கு ஒரு நாளும் நிம்மதி இல்லை, பெரிய சாதனை செய்ய நேரமும் இல்லை, சுலபமாக ஏதாவது சொல்லுங்கள் என்று. 108 பூந்திக்கொட்டை விதைகளைக் கோர்த்து எப்போதும் உடன் வைத்துக்கொள், நடக்கும்போதும் உட்காரும்போதும் படுக்கும்போதும், என்கிறார் புத்தர். புத்தம், தர்மம், சங்கம் என்று சொல்லி ஒவ்வொன்றாகத் தள்ளச் சொல்கிறார். பூஜை அறையில் பத்திரமாக வை என்று சொல்லவில்லை பார். நேரமில்லாத ஆளுக்கென்றே வந்த மாலை, உன் கையில் இருப்பதில் என்ன தப்பு? மெட்ரோவில் நிற்கும்போது ஃபோனை எடுக்கும் கை ஒரு சுற்று இதைத் தள்ளினால் எனக்குச் சந்தோஷம். தள்ளாவிட்டாலும் கோபமில்லை.

பூந்திக்கொட்டை என்று படித்ததிலிருந்து பட்டுப்புடவை அலசும்போதெல்லாம் உள்ளே இருக்கும் கறுப்பு விதையை வீசாமல் டப்பாவில் சேர்க்கிறேன். கல் மாதிரி இருக்கிறது. துளை போட்டுத் தருகிறேன் என்று நம் தெருவில் நகை செய்யும் பத்தர் ஒத்துக்கொண்டிருக்கிறார், கூலியை அப்புறம் சொல்கிறேன் என்றார். இதுவரை 61 சேர்ந்திருக்கிறது, அப்பா எண்ணிவிட்டார். இன்னும் 47 வேண்டும். தீபாவளிக்கு வரும்போது அங்கே துவைக்காமல் மடித்து வைத்திருக்கும் உன் பட்டுப்புடவைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா