எட்டுப் படங்களையும் சேர்த்தே காட்டுங்கள்

சவுண்டீஸ் படச்சுருள்களைப் பாதுகாத்துவரும் ஆவணக் காப்பகத்தாருக்கு,

வணக்கம். நான் பியானோ சொல்லிக்கொடுப்பவள். காப்பகம் ஒன்று இணையத்தில் ஏற்றியிருந்த 1940களின் சவுண்டீஸ் படமொன்றைப் போன மாதம் பார்த்தேன். காசு போட்டால் ஓடும் பெட்டியில் காட்டிய குறும் பாட்டுப் படங்கள்தான் சவுண்டீஸ். காதில் கனத்த கீழ்ஸ்தாயி சுரங்கள் விழுகின்றன. பியானோக்காரரின் கையோ வலது கோடியில் ஓடுகிறது. டிரம்மில் குழுவின் பெயர் இடவலம் மாறி நிற்கிறது. படம் கெட்டுவிட்டதோ என்றே முதலில் பதறினேன். பிறகுதான் புரிந்தது. 1940-இல் சிகாகோவின் மில்ஸ் நாவல்டி நிறுவனம் கொண்டுவந்த பனோரம் பெட்டிக்குள், 16 மி.மீ. புரொஜெக்டரின் ஒளி கண்ணாடிகளில் பட்டுத் திரும்பித் திரையின் பின்பக்கம் விழும். அதற்காகவே பிரிண்டை இடவலம் மாற்றிப் போட்டார்கள். இதைப் படத்தின் கீழே ஒரு வரி எழுதினால் என்ன?

நான் கேட்க வந்தது இன்னொன்று. காசு போட்டால் இசைத்தட்டு பாடும் ஜூக்பாக்ஸில் வேண்டிய பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், பனோரமில் முடியாது. ஒரு ரீலுக்கு எட்டுப் படங்கள், சுற்றிச் சுற்றி ஓடும். 10 சென்ட் போட்டால் அடுத்து நிற்கும் மூன்று நிமிடப் படம்தான் வரும். (1960-இல் பிரான்சில் வந்த ஸ்கோபிடோன் என்ற இதேபோன்ற பெட்டியில் 36 படங்களில் பிடித்ததைக் கேட்க முடிந்தது.) வியாபாரத்துக்கு அது குறைதான். எனக்கு அதுதான் சவுண்டீஸின் உயிர். கறுப்பினத்தவர் பேருந்தில் உட்காரும் இடத்தைக்கூடச் சட்டம் போட்டுப் பிரித்துவைத்த ஊர்கள் இருந்த அமெரிக்கா அது. அங்கே கௌபாய் பாட்டு வரும் என்று காசு போட்டவர் முன்னால் கறுப்பினப் பாடகி டோரத்தி டான்ட்ரிட்ஜ் வந்து ஆடியிருக்கலாம். கறுப்பின ஜாஸ் கலைஞர் டியூக் எல்லிங்டனுக்காகக் காத்திருந்தவர் ஹவாய்ப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் போயிருப்பார்.

1,800-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றைத் தனித்தனியாக வெட்டிப் பாடகர் பெயரில் அடுக்கும்போது, யாருக்குப் பக்கத்தில் யார் வந்தார் என்பதே அழிந்துபோகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ரீல் எண்ணையும் அதில் எத்தனையாவது என்பதையும் தயவுசெய்து போடுங்கள். பின்னால் ஆடுகிறவர்களின் பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். எட்டும் கிடைத்த ரீல் ஒன்றையாவது இடையில் வெட்டாமல் ஏற்றுங்கள். அன்று என் மாணவர்களை உட்காரவைத்து, எதையும் தள்ளிவிடாமல் எட்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

அன்புடன்,
ஒரு பியானோ ஆசிரியை