ஹைபிரிட் செடான் காரின் பற்றரி உத்தரவாதம் மறுக்கப்பட்டமை தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் மீண்டும் அனுமதி கிடைத்ததைத் தொடர்ந்து, ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட பெரிய ரக ஹைபிரிட் செடான் கார் ஒன்றைத் தங்கள் மட்டக்களப்புக் கிளையினூடாக, இரண்டு கோடி ரூபாய்க்கும் மேல் செலுத்தி வாங்கினேன். அதன் ஹைபிரிட் பற்றரிக்குத் தாங்கள் எழுத்தில் வழங்கிய உத்தரவாதம் இன்னும் நடைமுறையில் இருக்கையில், பற்றரி சூடேறிக் கார் வலுவிழந்து ஓடுவதற்கான திருத்தத்தைச் செய்யக் கிளை மறுத்துவிட்டது. பின் ஆசனத்தின் கீழுள்ள காற்றுத் துவாரத்தை நான் அடைத்து வைத்திருந்தேன் என்பதும், கார் காட்டிய எச்சரிக்கையை நான் பொருட்படுத்தவில்லை என்பதும் கிளையின் கடிதத்தில் சொல்லப்பட்ட காரணங்கள். இவ்விரண்டுக்கும் பொறுப்பு தங்கள் நிறுவனமே என்பதைக் காட்டுவதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காரின் வடிவமைப்பைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2.5 லீற்றர் நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரே கோள்வகைப் பற்சக்கரத் தொகுதியில் இணைந்திருக்க, வழமையான கியர்பொக்ஸோ கிளச்சோ இல்லாமல் இவ்வளவு பாரமான கார் இத்தனை மென்மையாக நகர்வது மெச்சத்தக்க பொறியியல். எஞ்சின் அட்கின்சன் முறையில், உள்வால்வைத் தாமதமாக மூடி எரிபொருளை மிச்சம் பிடிக்கிறது; அதனால் புறப்படும்போது குறைகிற இழுவையை மோட்டார் ஈடுசெய்கிறது. காத்தான்குடியின் மாலை நெரிசலில் எஞ்சின் அணைந்த நிலையிலேயே ஊர்ந்து போகவும், அடுத்த கணம் வெறும் வீதி கிடைத்தால் தயக்கமின்றிப் பாயவும் இந்தக் காரால் முடிகிறது. நீண்ட பயணத்தில் பின் ஆசனத்தில் இருப்பவர்களுக்கு அலுப்புத் தெரிவதில்லை.

ஆனால் நான் எதைச் சொன்னாலும் தங்கள் கிளையில் கிடைக்கும் பதில் ஒன்றே: "ஹைபிரிட் என்றால் அப்படித்தான் இருக்கும்." எது அப்படித்தான் இருக்கும் என்பதை நான் அறியாதவன் அல்லன். அக்சிலரேற்றரை அழுத்தியதும் எஞ்சின் சத்தம் முதலில் உயர்ந்து, வேகம் அதன் பின்னால் வந்து சேர்வது இவ்வகைக் கார்களின் இயல்பு. பிரேக் மிதியைத் தொட்டவுடன் மோட்டார் மின்னை உற்பத்தி செய்தபடி காரை மெதுவாக்கி, கடைசியில் பிரேக் தகடுகளிடம் பொறுப்பைக் கொடுப்பதால், நிற்பதற்குச் சற்று முன் காலடியில் ஒரு சிறு மாறுதல் தெரிவதும் இயல்பே. கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிப் பதினெட்டு வளைவில் இறங்கும்போது பற்றரி நிறைந்துவிட்டால், மேலும் மின்னைச் சேர்க்க இடமின்றி, எஞ்சின் எரிபொருள் இல்லாமலே சுழற்றப்பட்டுக் காரைப் பிடித்து வைப்பதையும், அப்போது எழும் உறுமலையும் நான் அறிவேன். இவற்றில் ஒன்றையும் நான் ஒருபோதும் முறைப்பாடாகக் கொண்டுவந்ததில்லை.

நான் கொண்டுவந்த முறைப்பாடு வேறு. வாழைச்சேனையைக் கடந்து புணானை, வெலிக்கந்தை ஊடாகப் பொலன்னறுவைக்குச் செல்லும் சமதரையான வீதியில், நண்பகல் வெயிலில், பின் ஆசனத்தின் கீழிருந்து விசிறிச் சத்தம் எழுந்து, அங்கே இருந்த என் அம்மா பேசுவது முன்னால் கேட்காத அளவுக்கு உயர்ந்தது. மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு அதன் பின் எரியவேயில்லை. நின்றாலும் ஓடினாலும் எஞ்சின் அணையவில்லை. முந்துவதற்கு அழுத்தினால் மோட்டாரின் துணை கிடைக்கவில்லை. பிரேக் பிடித்தால் மின் திரும்பச் சேர்வதாகக் காட்டும் முள்ளும் அசையவில்லை. பற்றரி சூடேறியதும் அதைக் காப்பதற்காகக் கட்டுப்பாட்டுக் கருவி மின்னை உள்ளே விடுவதையும் வெளியே எடுப்பதையும் குறைத்துவிடுகிறது என்பதன் முழு அடையாளங்கள் இவை. மாரிகாலத்தில் இக்குறை தெரியவில்லை. வெயில் ஏறிய மாதங்களில், ஆட்களை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் ஓடும்போதெல்லாம் தெரிகிறது.

நான் அரிசி ஆலை நடத்துபவன். எந்த மோட்டார் சூடேறினாலும் எங்கள் ஆலையில் முதலில் பார்ப்பது அதற்குக் காற்றுப் போகும் வழியைத்தான். இந்தக் காரின் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் கிடையாது. பின் ஆசனத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள துவாரங்களின் வழியாக, ஏசியால் குளிர்ந்த உட்காற்றை ஒரு விசிறி இழுத்துப் பற்றரியின் மேல் செலுத்துகிறது. துவாரத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய வடிகட்டியும் உண்டு. ஆகவே அத்துவாரம் திறந்திருப்பதிலேயே பற்றரியின் ஆயுள் தங்கியுள்ளது. காரை ஒப்படைக்கும்போது தங்கள் கிளை, அன்பளிப்பு என்று கூறி, தடித்த தோல் சீட் கவர்களையும் விளிம்பு மேலேறி நிற்கும் தரைவிரிப்புகளையும் பொருத்திக் கொடுத்தது. கவரின் தொங்கல் அத்துவாரங்களைப் பெரும்பாலும் மூடியிருந்தது. எஞ்சிய இடைவெளியைத் தரைவிரிப்பின் விளிம்பு மறைத்திருந்தது. கவர்களைப் பொருத்தியமை விற்பனைப் பற்றுச்சீட்டிலேயே தனி வரியாக எழுதப்பட்டுள்ளது. பொருத்தியவரிடம், அந்தத் துவாரங்கள் அலங்காரத்துக்காக அமைக்கப்பட்டவை அல்ல என்று சொல்லக்கூடிய ஒருவர்கூடவா தங்கள் கிளையில் இல்லை?

எச்சரிக்கையை நான் பொருட்படுத்தவில்லை என்ற குற்றச்சாட்டு இதைவிட வியப்பானது. கார் காட்டிய செய்தி ஜப்பானிய மொழியில் இருந்தது. திரையின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றித் தருவதாக விற்பனையின்போது கூறப்பட்டது. பின்னர் மாற்ற முடியாது என்றார்கள். ஓட்டுநர் கைநூலும் ஜப்பானிய மொழியில்தான். செய்தி தோன்றிய அன்றே அதைப் படமெடுத்துக் கிளையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பினேன். "பிரச்சினை இல்லை, ஓடலாம்" என்று பதில் வந்தது. ஜப்பானில் பணிபுரியும் உறவினர் ஒருவர் பின்னர் வாசித்துச் சொன்னபடி, ஹைபிரிட் பற்றரியின் குளிரூட்டும் பாகங்களைப் பராமரிக்குமாறு கார் தெளிவாகக் கேட்டிருக்கிறது. கார் தன் கடமையைச் செய்தது. அதை வாசிக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் செய்யவில்லை. என் செய்தியினதும் தங்கள் பதிலினதும் பிரதிகளை இணைத்துள்ளேன்.

இவ்வளவுக்கும் இடையில், தங்கள் சேவை நிலையத்தில் செய்த சேர்விஸுக்கான பற்றுச்சீட்டில் "ஹைபிரிட் பரிசோதனை, பற்றரி வடிகட்டி சுத்தம்" என்று எழுதிப் பணமும் அறவிட்டிருக்கிறார்கள். அந்த வடிகட்டியை எடுக்க வேண்டுமானால் முதலில் சீட் கவரை அவிழ்க்க வேண்டும். கவரைக் கட்டிய பிளாஸ்ரிக் பட்டிகளோ, பொருத்திய நாளில் இருந்தபடியே வெட்டப்படாமல் இருந்தன. அவற்றை இன்னொரு கராஜில் சாட்சிகள் முன்னிலையில் வெட்டித் திறந்தபோது, வடிகட்டி தூசும் மணலும் நூலுமாக அடைபட்டிருந்ததைப் படமெடுத்து வைத்துள்ளேன். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதை நான் கவனக்குறைவு என்று அழைக்கத் தயாரில்லை.

பெற்றோலின் தரம்தான் காரணமாக இருக்கலாம் என்றும் ஒரு கட்டத்தில் சொல்லப்பட்டது. ஒக்ரேன் 92 ஊற்றினாலும் 95 ஊற்றினாலும், பின் ஆசனத்தின் கீழுள்ள விசிறிக்கு அது தெரியப்போவதில்லை.

இத்துடன் தொடர்புடைய இன்னொரு குறையையும் பதிவுசெய்ய வேண்டியுள்ளது; இது உயிர் ஆபத்தோடு சம்பந்தப்பட்டது. கொழும்பிலிருந்து கொண்டுவரும் வழியில் முன் கண்ணாடி வெடித்ததால், ஒப்படைப்பதற்கு முன் அதை மாற்றியதாகத் தங்கள் கிளையே ஒப்புக்கொள்கிறது. வீதிக் கோடுகளையும் முன்னால் செல்லும் வாகனங்களையும் பார்த்து, கார் தானாகவே ஸ்ரியரிங்கைத் திருத்தவும் பிரேக் பிடிக்கவும் வழிசெய்யும் கமரா, அந்தக் கண்ணாடியின் உட்புறத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் கமராவின் பார்வைக் கோணத்தைக் கருவி வைத்து மீண்டும் சரிசெய்ய வேண்டும். சிறு சாய்வுகூடத் தூரத்தில் பெரிய பிழையாகும். அது செய்யப்பட்டதற்கான எந்தப் பதிவையும் தங்களால் காட்ட முடியவில்லை. கோடு தெளிவாக உள்ள வீதியில் ஸ்ரியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. களுவாஞ்சிகுடியில் வீதியோரமாகச் சென்ற சைக்கிள்காரர் ஒருவருக்காகக் கார் தானாகவே பலமாகப் பிரேக் பிடித்தது. பின்னால் வந்த லொறிச் சாரதியின் நிதானத்தால் தப்பினோம். அன்றுமுதல் அவ்வசதிகளை அணைத்துவிட்டே ஓட்டுகிறேன். விளம்பரத்தில் "ஃபுல் ஒப்ஷன்" என்று அறிவித்து விலையில் சேர்க்கப்பட்ட வசதிகள் இவை.

வானொலி ஜப்பானிய அலைவரிசைக்கு அமைந்து 95 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பிடிப்பதில்லை என்பதையும், வழிகாட்டித் திரையில் இன்றும் ஜப்பானின் வரைபடம்தான் உள்ளது என்பதையும் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. வாங்கும்போதே இவற்றை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் கோருவது இதுதான். காரைத் தங்கள் செலவில் ஹைபிரிட் தொழில்நுட்பம் அறிந்தவர்கள் உள்ள நிலையத்துக்குக் கொண்டுசென்று, பற்றரியின் ஒவ்வொரு பகுதியினதும் மின்னழுத்தம், வெப்பநிலை, விசிறியின் வேகம் ஆகியவற்றை, கார் ஓடிச் சூடேறிய நிலையில் அளந்து, அந்த அளவீடுகளை அச்சிட்டு எனக்குத் தர வேண்டும். வாய்மொழியான "ஓகே" எனக்கு வேண்டாம். பகுதிகளுக்கிடையே வேறுபாடு காணப்பட்டால், பழுதான ஒரு பகுதியை மட்டும் மாற்றி ஒட்டுப்போடாமல், முழுப் பற்றரியையும் உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தர வேண்டும். வேறுபாடு இல்லையென்றாலும், அளவுக்கு மீறிச் சூடேறி ஓடிய காலத்தைக் கருத்திற்கொண்டு உத்தரவாதத்தை நீடித்து எழுத்தில் தர வேண்டும். கமராவைச் சரிசெய்து அதன் பதிவை வழங்குவதோடு, ஆங்கிலக் கைநூலையும், செய்யப்படாத பரிசோதனைக்கு அறவிட்ட தொகையையும் தர வேண்டும். இதே வகை சீட் கவர்களைத் தங்களிடம் பெற்ற ஏனைய வாடிக்கையாளர்களுக்கு இதை அறிவிப்பதும் தங்கள் கடமை என்று கருதுகிறேன். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் தங்கள் கார்கள் ஓடுகின்றன, அங்கும் இதே வெயில்தான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரி நடந்துகொள்வதைத் தடைசெய்கிறது. இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதில் கிடைக்காவிட்டால், பற்றுச்சீட்டுகள், படங்கள், தங்கள் பதில்கள் அனைத்தையும் அதிகாரசபையின் மட்டக்களப்பு மாவட்ட அலுவலகத்தில் சமர்ப்பிப்பேன். பதிவுத் தபாலில் அனுப்பும் இக்கடிதத்தின் பிரதியொன்று கிளை முகாமையாளருக்கும் கையளிக்கப்படுகிறது.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
கல்லடி, மட்டக்களப்பு.