தந்தி அறுந்த கதை

ஒசாகா
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே மூவரும் நலம். போனில் பேசினால் உனக்குப் பாதி கேட்பதில்லை, மீதியை அப்பா மாற்றிச் சொல்லிவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

குழந்தை ஏன் நின்றுகொண்டே வயலின் வாசிக்கிறாள், கால் வலிக்காதா என்று கேட்டாயே. இங்கே அப்படித்தான். நம்மூரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பார்கள் என்றேன். டீச்சர் நம்பவே இல்லை. முதலில் சில வாரம் வயலினையே கையில் தரவில்லை. ஒரு காகிதத்தில் இவளுடைய பாதங்களை வரைந்து, அதன்மேல் அசையாமல் நிற்கப் பழக்கினார்கள். சின்னக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லித்தரும் சுசுகி முறையாம். இதில் அம்மாவும் கூடவே கற்றுக்கொள்ள வேண்டும். ஆக, முப்பத்தெட்டு வயதில் நானும் கீச் கீச்சென்று இழுக்கிறேன். சுவர் மெல்லிசு, இரவு எட்டுக்கு மேல் வில்லைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஊரில் அதுதான் எனக்குப் பயமே.

போன ஞாயிறு குழந்தைகள் கச்சேரி. உன் பேத்தி பாதி வாசிக்கும்போது, இருப்பதிலேயே மெல்லிய தந்தி பட்டென்று அறுந்துவிட்டது. வயலினை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபடி மேடையை விட்டு ஓடி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை.

மறுநாள் டீச்சர் இவளை உட்காரவைத்து ஒரு பழைய வீடியோ போட்டார். 1986, அமெரிக்காவில் டாங்கிள்வுட் என்ற இடம். பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, நடத்துகிறவர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன், பாட்டும் அவர் இயற்றியதே. நடுவில் ஒல்லியாக ஒரு பெண், வயது 14. மிதோரி. மிதோரி என்றால் பச்சை, நம்மூர்ப் பச்சையம்மாள்தான்! பிறந்தது இதே ஒசாகாவில்.

கடைசிப் பகுதியில் அவளுக்கும் அதே தந்தி அறுகிறது. முகத்தில் ஒரு சலனம் இல்லை. பக்கத்தில் இருந்த முதல் வயலின்காரரிடம் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கி வாசிக்கிறாள். அது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ், விலைமதிப்பில்லாத பழைய இத்தாலிய வயலின். கொஞ்ச நேரத்தில் அதிலும் தந்தி போகிறது! அடுத்தவருடையதை வாங்கி முடித்தே விடுகிறாள். அவளுடையது சற்றுச் சின்ன வயலின், வாங்கியவை இரண்டும் பெரியவை. கை வைக்கும் இடமே மாறிப்போகும். எனக்கு இப்போதுதான் அதன் கஷ்டம் புரிகிறது. அப்புறம் நியூயார்க் டைம்ஸில் முதல் பக்கச் செய்தியாம்.

எனக்கு என்னவோ அவள் அம்மா மேல்தான் கண். அவரும் வயலின்காரர். தான் பயிற்சி செய்த, ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை இரண்டு வயதுக் குழந்தை முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, மூன்றாவது பிறந்தநாளுக்குப் பொம்மை மாதிரி குட்டி வயலின் வாங்கித் தந்திருக்கிறார். 1982இல் மகளைக் கூட்டிக்கொண்டு ஒசாகாவை விட்டு நியூயார்க் போனார். அங்கே ஜூலியர்ட் இசைப் பள்ளி. அந்த வருடக் கடைசியிலேயே நம்ம பம்பாய்க்காரர், ஆர்கெஸ்ட்ரா நடத்துகிற ஜுபின் மேத்தா, அவளை நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் மேடையில் ஏற்றிவிட்டார். ஊர் விட்டு ஊர் வந்து, பாஷை புரியாமல் கடையில் உப்பா சர்க்கரையா என்று பார்த்துப் பார்த்து வாங்கிய என்னால், அந்த அம்மாவின் முதல் குளிர்காலத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மிதோரி அப்புறமும் சும்மா இருக்கவில்லை. இருபது வயதைத் தாண்டியதுமே, 1992இல், நியூயார்க் பள்ளிக் குழந்தைகளுக்கு இசை சொல்லித்தர ஒரு அமைப்பு தொடங்கினார். ஊர் ஊராய்க் கச்சேரி செய்துகொண்டே உளவியலும் படித்தார். 2007இல் ஐ.நா.வின் அமைதித் தூதர். இப்போது வாசிப்பது 1734இல் செய்த குவார்னேரி வயலின், அதுவும் பேர்போன இத்தாலிய வயலின்தான்.

உன் பேத்தி வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "யாரும் தரலைன்னா என்னம்மா பண்றது?" டீச்சர் சிரித்துவிட்டு, தந்தி மாட்டக் கற்றுத் தந்தார். இப்போது பெட்டியில் உபரித் தந்தி இரண்டு, காகிதத்தில் சுற்றி, தன் பெயர் எழுதி வைத்திருக்கிறாள்.

தீபாவளிக்கு வருகிறோம். வயலினும் வரும். கூடத்தில் அந்தப் பெரிய பெஞ்சை மட்டும் ஓரமாகப் போடச் சொல், இவளுக்கு நிற்க இடம் வேண்டும்.

உன் அன்பு மகள்