பொருள்: சும்மா இருந்தால் இணைப்பை வெட்டும் உங்கள் மெயில் சர்வரும், நீங்களே மூடிக்கொள்ளும் என் டிக்கெட்டுகளும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேரில் பேசி, சாட்டில் தட்டி, புகார் டிக்கெட் போட்டு, சேலம் கிளைக்கு நேரில் வந்து, எல்லாம் ஓய்ந்துபோய்தான் இதை எழுதுகிறேன். பொதுவிலும் போடுகிறேன், ஏனென்றால் தனியாக எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். கோபத்தில் எழுதவில்லை. எழுதும்போது வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் மெயில் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டி, நீங்களே தருகிற அந்த கம்ப்யூட்டர் மெயில் புரோகிராமைத்தான் வைத்திருக்கிறேன். போன அப்டேட்டுக்குப் பிறகு கீழே வலது மூலையில் இணைப்பு அறுந்ததைக் காட்டும் மஞ்சள் முக்கோணம் வருகிறதே, அதேதான். காலையில் திறந்தால் மெயில் எல்லாம் ஒழுங்காக இறங்கும். களத்தில் காயும் காபியைக் கிளறிவிட்டு வந்து பார்த்தால் முக்கோணம் நிற்கும். அப்புறம் பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தால் தவறு என்று சொல்லும். புரோகிராமை மூடித் திறந்தால் அதே பாஸ்வேர்டு, ஒரு எழுத்து மாறாமல், சரியாகிவிடும். இது பாஸ்வேர்டு பிரச்சனையா? உங்கள் ஆட்கள் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், போனில் இருந்த மெயிலும் நின்றுபோனது. அங்கே புதியதைப் போடுவதற்குள், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு போன் முட்டி முட்டிப் பார்த்ததில் கணக்கே பூட்டிக்கொண்டது. பூட்டியதைத் திறக்க ஒரு டிக்கெட் போடச் சொன்னார்கள். அந்த டிக்கெட்டுக்கான பதிலை எங்கே அனுப்பினீர்கள்? பூட்டிக் கிடக்கிற அதே மெயிலுக்கு. 48 மணி நேரத்தில் வாடிக்கையாளரிடமிருந்து பதில் இல்லை என்று மூடியும் விட்டீர்கள். இதை யோசித்து வடிவமைத்தவர் யார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

நான் ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அடியில் அராபிகா, அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் மிளகையும் வாங்கி அனுப்புகிறேன். வாங்குபவர்கள் சாம்பிள் கேட்பது, விலை கேட்பது, ஆர்டர் போடுவது எல்லாம் மெயிலில்தான். வாட்ஸப்பில் பேசுவார்கள், ஆனால் அவர்கள் கணக்குப் பிரிவு மெயிலில் பில் வந்தால்தான் பணம் போடும்.

‘மலை மேல இருக்கீங்க, நெட் அப்படித்தான் இருக்கும்’ என்று உங்கள் ஆட்கள் சொல்லாத நாளில்லை. சேர்வராயன் மலையில் மின்சாரம் போகும், இடி மின்னலில் ரவுட்டர் கருகும், இதெல்லாம் எனக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றைக்கெல்லாம் நான் உங்களைக் கூப்பிட்டதே இல்லை. நான் சொல்வது நெட் நன்றாக ஓடும்போது நடப்பது. முக்கோணம் நிற்கும் அதே நொடியில் பிரவுசரில் உங்கள் மெயில் திறக்கிறது. அதே புரோகிராமில் வேறொரு நிறுவனத்தின் மெயில் கணக்கையும் சேர்த்துப் பார்த்தேன், அது காலையிலிருந்து சாயங்காலம் வரை அறாமல் நிற்கிறது. அதே கம்ப்யூட்டர், அதே லைன், அதே மலை.

இதைத்தான் உங்கள் கஸ்டமர் கேர் ஏஜென்ட் ஒருவரிடம் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் வெட்டி அவர் சொன்னது இது: ‘மேடம், வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க, உங்களுக்குச் சொன்னா புரியாது.’

வீட்டில் ஆம்பளை இருக்கிறார். அவருக்கு மெயில் திறக்கவே தெரியாது, மிளகு விலையை இன்றைக்கும் பேப்பரில்தான் பார்க்கிறார். அவரிடம் போனைக் கொடுத்திருந்தால் உங்கள் ஏஜென்டுக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும். அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். மேலாளராகிய நீங்கள் கேளுங்கள், வேறு யாரிடமும் தள்ளிவிட வேண்டாம்.

புரியாத எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் புரோகிராமிலேயே லாக், அதாவது நடப்பதையெல்லாம் வரி வரியாகக் குறித்துவைக்கும் பதிவு, எழுதும் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்து வைத்தேன். சும்மா விட்டால் பத்து நிமிடத்துக்குள் உங்கள் சர்வரிடமிருந்து ஒரு வரி வருகிறது: ‘பை, ஆட்டோலாகவுட், ஐடில் ஃபார் டூ லாங்.’ ரொம்ப நேரம் சும்மா இருந்ததால் வெளியேற்றுகிறேன் என்று அர்த்தம். இந்த வரியை அனுப்பிவிட்டு சர்வர் இணைப்பை மூடிவிடுகிறது. லைன் அறுந்தாலோ, நடுவில் ரவுட்டர் கைவிட்டாலோ இப்படி ஒரு வரி வரவே வராது, சத்தமில்லாமல் செத்துப்போகும். மெயில் புரோகிராமும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு ஐமேப் என்று பெயர். அதன் விதியில், 2003-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3501 என்ற ஆவணத்தில், 5.4-ஆம் பகுதியில், சும்மா இருக்கும் இணைப்பை சர்வர் தானாக வெட்டுவதாக இருந்தால் குறைந்தது 30 நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2021-இல் வந்த புதிய பதிப்பிலும் அது அப்படியேதான் இருக்கிறது. அதை நம்பித்தான் பல மெயில் புரோகிராம்கள் 29 நிமிடத்துக்கு ஒரு தடவை சர்வரிடம் ‘இருக்கிறேன்’ என்று சொல்கின்றன. உங்கள் சர்வர் அதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறது, உங்கள் புரோகிராம் அதைப் புரிந்துகொள்ளாமல் என் பாஸ்வேர்டைக் குறை சொல்கிறது. சர்வர் உங்களுடையது, புரோகிராமும் உங்களுடையது. இரண்டும் பேசிக்கொள்ளவில்லை என்றால் நான் யாரிடம் போவது?

இந்த லாக்கை டிக்கெட்டில் இணைத்தேன். பதிலாக வந்தது: ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், ஃபயர்வாலை நிறுத்துங்கள், போர்ட் 993-ஐ 143 ஆக்குங்கள், எஸ்.எஸ்.எல்-ஐ, அதாவது வழியில் யாரும் படிக்காமல் காக்கும் பூட்டை, எடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.எல்-ஐ எடுத்துவிட்டு மெயிலைத் திறப்பது பாஸ்வேர்டை அஞ்சலட்டையில் எழுதித் தபால்பெட்டியில் போடுவது போல, வழியில் நிற்பவர் யாரும் படிக்கலாம். மெயில் விற்கிற நிறுவனம் வாடிக்கையாளருக்குச் சொல்கிற யோசனையா இது?

இப்போது சேலம் பயணம். வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது, சி.பி.யு-வைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். பறிப்பு நேரத்தில் ஆட்களை விட்டுவிட்டு, சி.பி.யு-வைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து உங்கள் கிளைக்கு வந்தேன். சாப்பாட்டு நேரம் என்று வெளியே உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒரு தம்பி வந்து மாட்டினார், மெயில் இறங்கியது. ‘நல்லாத்தான ஓடுது மேடம்?’ என்றார். ஒரு அரை மணி நேரம் தொடாமல் விட்டுப் பாருங்கள் தம்பி, அப்போதுதான் வரும் என்றேன். ‘அவ்வளவு நேரம் டேபிளை அடைச்சு வெக்க முடியாதுங்க, கஸ்டமர்ங்க வெயிட் பண்றாங்க’ என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அப்போது அங்கே என்னைத் தவிர ஒரு கஸ்டமர் இல்லை. பார்த்ததற்குக் கட்டணம் வேறு வாங்கினார், ரசீதில் ‘கோளாறு இல்லை’ என்று எழுதியிருக்கிறது. ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மலையேறி வந்து மாட்டினேன், சாயங்கால டீ குடிப்பதற்குள் முக்கோணம். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, கொஞ்சம் மரியாதையாகவே பேசினார். அந்த ‘ஆம்பளைங்க’ ஏஜென்டை நினைத்தால்தான் இன்னும் கொதிக்கிறது.

நஷ்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. கோயம்புத்தூரில் காபி வறுத்து விற்கும் ஒருவர், வருடா வருடம் என்னிடம் பார்ச்மென்ட் (மேல்தோல் நீக்கிக் காயவைத்த காபிக்கொட்டை) வாங்குபவர், விலை கேட்டு எழுதியிருக்கிறார். முக்கோணத்தின் பின்னால் அது கிடந்தது. பதில் இல்லை என்று வேறு இடத்தில் வாங்கிவிட்டார். இன்னொருவருக்கு பில் அனுப்பும்போது நடுவில் இணைப்பு அறுந்து, ‘மறுபடி முயலவா’ என்று உங்கள் புரோகிராம் கேட்டது, ஆம் என்று அழுத்த அழுத்த அதே பில் திரும்பத் திரும்ப அவருக்குப் போயிருக்கிறது. ஏமாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் முன்னால், ரிமோட்டில் வந்த உங்கள் ஆள் என்னைக் கேட்காமலேயே புரோகிராமை அழித்து மறுபடி போட்டார், கம்ப்யூட்டரிலேயே சேர்த்து வைத்திருந்த பழைய மெயில் ஃபோல்டர்கள் அதோடு போயின. ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் நான் எதைக் காட்டுவது, உங்கள் மஞ்சள் முக்கோணத்தையா? இந்த வருஷ வருமானமே போய்விட்டது, பெயரும் போய்விட்டது, என் மாமனார் காலத்திலிருந்து கட்டிய தொழிலை உங்கள் ஒரு அப்டேட் தின்றுவிட்டது.

சரி. தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். என் கணக்கு இருக்கும் சர்வரில் அந்த நேர வரம்பை விதிப்படி 30 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். சர்வர் லாக்கைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் என்னிடம் பேசட்டும். மூடிய டிக்கெட்டுகளைத் திறந்து, பதிலை என் போன் எண்ணுக்குத் தாருங்கள், எண் உங்களிடம் இருக்கிறது. இந்த வருடச் சந்தாவையும் சேலத்தில் வாங்கிய கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். அந்த ஏஜென்ட் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னிடம்தான், என் கணவரிடம் அல்ல.

15 நாள் பார்ப்பேன். அதன்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வணிகத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று உங்கள் வக்கீல் ஆரம்பிப்பார். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது, படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் போக எனக்கும் விருப்பமில்லை, தோட்டத்தில் வேலை கிடக்கிறது. பகலில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
ஏற்காடு