முத்திரை இல்லாத தராசு: இணையவழி விளையாட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்னை ரிச்சி தெருவில் இருபத்தாறு ஆண்டுகளாக மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு நாள் மாலை கடையை எடுத்துவைக்கும் நேரத்தில், வாடிக்கையாக வரும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வந்து நின்றார். வியாசர்பாடிக்காரர், வயது முப்பதுக்குள் இருக்கும். ஒரு கையில் போன், மறு கையில் நாற்பது பக்க நோட்டு. "அண்ணா, இது எந்த நேரத்தில் கொடுக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா? உங்களுக்குத்தான் சிப், சர்க்யூட் எல்லாம் தெரியுமே" என்று கேட்டார்.

போனில் இருந்தது ஒரு ஸ்லாட் விளையாட்டு. மூன்று உருளைகள், பழங்கள், மணி, ஏழாம் எண். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு இறக்கியிருக்கிறார். தடை செய்யப்பட்டது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரவு சவாரி முடிந்து வீடு திரும்பிய பிறகு ஆடியதையெல்லாம் தேதி, மணி, தொகை என்று கோடு போட்டு எழுதியிருந்தார். வந்த தொகை சிவப்பு மையில். "1.10க்கு மேல் கொடுக்கிறது", "மூன்று முறை தொடர்ந்து போனால் நான்காவது வரும்" என்று ஓரத்தில் குறிப்புகள். பொறுப்பான பிள்ளை எழுதிய வீட்டுப்பாடம் போல் இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் 31 சிவப்பு எண்கள். 8, 12, 8, 15, 40, 8 என்று போயின. ஒரு முறை அழுத்த எவ்வளவு என்று கேட்டேன். இருபது ரூபாய் என்றார். 31இல் 22 எண்கள் இருபதுக்குக் கீழே இருந்தன. இருபது ரூபாய் கொடுத்து எட்டு ரூபாய் திரும்பி வந்ததை அவர் 'வந்தது' என்று எழுதியிருக்கிறார். எழுதாமல் என்ன செய்வார்? எட்டு ரூபாய் விழும்போதும் திரையில் மணி அடிக்கிறது, காசு கொட்டுகிறது, எழுத்துகள் மின்னுகின்றன. என் பேனாவை எடுத்து ஒவ்வொரு 8க்குப் பக்கத்திலும் 'கழித்தல் 12' என்று எழுதிக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கத்தின் பாதிக்கு மேல் அவரால் பார்க்க முடியவில்லை. "போதும் அண்ணா" என்று நோட்டை மூடிவிட்டார்.

அவருடைய கேள்விக்கு அன்று முழுப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல்.

அரைகுறையாகத் தெரிந்துகொள்வதில்தான் ஆபத்து அதிகம் என்பதால், எனக்குத் தெரிந்த அளவில் முதலில் விளக்கிவிடுகிறேன். வணிக வளாகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகளைக் குவித்து, மேலே ஓர் இரும்பு நகம் தொங்கும் எந்திரம் இருக்குமே, அதை நான் பழுதுபார்த்திருக்கிறேன். உள்ளே உரிமையாளருக்கென்று ஒரு பட்டியல் உண்டு. எத்தனை ஆட்டத்துக்கு ஒரு முறை நகம் இறுகப் பிடிக்க வேண்டும் என்பதை அதில் எண்ணாகவே போட்டுக்கொள்ளலாம். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. என் மகளை நான்கு முறை அந்த எந்திரத்தின் முன் நிறுத்தி, "கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்து" என்று சொல்லிக்கொடுத்தவன் நான்.

கேசினோவில் இருக்கும் ஸ்லாட் மெஷின் இதே போன்றது என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். யாரோ மேலே அறையில் உட்கார்ந்து, நாம் ஜெயிக்கத் தொடங்கியதும் திருகைத் திருப்புகிறார்கள் என்று நம்புகிறார்கள். ஒழுங்குமுறை கடுமையாக உள்ள இடங்களில் அப்படி நடப்பதில்லை. நடக்கத் தேவையும் இல்லை. எந்திரத்துக்குள் ஒரு நிரல் நொடிக்கு நொடி தற்செயல் எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்தும் கணத்தில் முடிவு உறுதியாகிவிடுகிறது; அதன்பின் உருளைகள் சுற்றுவது காட்சி மட்டுமே. முந்தைய சுற்றில் என்ன நடந்தது என்ற நினைவு அதற்குக் கிடையாது. 'ரொம்ப நேரமாகக் கொடுக்கவில்லை, இனிக் கொடுக்கும்' என்பதற்கு அங்கே இடமே இல்லை. வித்தியாசமாக, பிரிட்டனின் மதுக்கூடங்களில் முன்பு கொடுத்ததைப் பொறுத்து அடுத்துக் கொடுக்கும் வகை எந்திரங்கள் உண்டு. ஆனால் அது எந்த வகை என்பதை எந்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி.

அப்படியென்றால் எதைக் கூட்டிக் குறைக்கிறார்கள்? விகிதத்தை. நூறு ரூபாய் பந்தயத்துக்குச் சராசரியாக எத்தனை ரூபாய் திரும்ப வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே பல அளவுகளில் செய்து தருகிறார். ஒரே படம், ஒரே பாட்டு, ஒரே ஏழாம் எண். ஆனால் ஒன்றில் 96 ரூபாய் திரும்பும், இன்னொன்றில் 88 திரும்பும். எதை வைப்பது என்பது கேசினோ முதலாளியின் முடிவு. முன்பு அதற்குச் சிப்பையே கழற்றி மாற்ற வேண்டும். பிறகு சாவி போட்டுத் திறக்கும் பட்டியலில் மாற்றலாம் என்றானது. இப்போது கணினி அறையில் இருந்தே மாற்ற வழி வந்துவிட்டது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஆள் ஆடிக்கொண்டிருக்கும்போது மாற்றக் கூடாது. எந்திரம் சில நிமிடங்கள் சும்மா கிடந்த பிறகே மாற்றலாம் என்று விதி எழுதினார்கள். 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றும் அங்கே வரம்பு உண்டு. நியூ ஜெர்சியில் அது 83.

இந்த 96க்கும் 88க்கும் உள்ள வேறுபாட்டை ஆடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இதை எப்படி அழுத்திச் சொல்வது என்று தெரியவில்லை. ஆயிரம் சுற்று ஆடினாலும் தெரியாது. ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரிது. குறைந்த விகித எந்திரத்தில் ஒருவர் ஜெயித்துவிட்டுப் போவார்; அதிக விகித எந்திரத்தில் பக்கத்து ஆள் மொத்தமும் தோற்பார். ஆனால் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் இருபது ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்தில் 12,000 ரூபாய் பந்தயம் கட்டியாகிவிடும். கையில் ஆயிரம்தான் இருந்தாலும், வந்ததையே திரும்பத் திரும்பக் கட்டுவதால் அந்தத் தொகை வந்துவிடும். 96 விகிதத்தில் அதில் சராசரி இழப்பு 480. 88 விகிதத்தில் 1,440. ஆட்டோ ஓட்டுபவருக்கு இந்த இரண்டும் ஒன்றா?

கண்ணுக்குத் தெரியும் உருளையும் உண்மையைச் சொல்வதில்லை. ஓர் உருளையில் படமோ வெற்றிடமோ வந்து நிற்கும் இடங்கள், அதாவது நிறுத்தங்கள், 22; அதில் ஒன்று ஏழு என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் ஏழு விழும் வாய்ப்பு 10,648இல் ஒன்று என்று கணக்குத் தெரிந்தவர் நினைப்பார். 1984இல் டெல்னாஸ் என்ற பொறியாளர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை இதை மாற்றிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத, நிரலுக்குள் மட்டும் இருக்கும் ஓர் உருளையில் 64 நிறுத்தங்களை வைத்து, அவற்றை இந்த 22க்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். ஏழுக்கு ஒரே ஒரு பங்கு கொடுத்தால் வாய்ப்பு 2,62,144இல் ஒன்றாகிவிடும். ஏழுக்கு மேலும் கீழும் உள்ள வெற்று இடங்களுக்கு அதிகப் பங்கு கொடுத்தால், ஏழு பரிசுக்குரிய நடுக்கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ வந்து வந்து நிற்கும். 'மயிரிழையில் தப்பிவிட்டது' என்று தோன்றும். நம் ஓட்டுநரின் நோட்டில் "7 - 7 - கொஞ்சம் மேலே" என்று ஆறு இடத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் அவர் அடுத்த நாளும் ஆடியிருக்கிறார்.

கோயம்பேட்டில் தக்காளி விற்கும் அம்மாவின் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அரசு முத்திரை வேண்டும். இல்லையென்றால் அபராதம். பெட்ரோல் பங்கில் குழாய்க்கு முத்திரை. இந்த இளைஞரின் ஆட்டோ மீட்டருக்கும் முத்திரை. 2003இல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட லாட்டரிச் சீட்டில்கூட, முதல் பரிசு எவ்வளவு, அடுத்தடுத்த பரிசுகள் என்ன என்று அச்சிட்டிருந்தார்கள். காலையில் முத்திரையிட்ட மீட்டரோடு வண்டி ஓட்டும் ஒருவர், இரவில் எந்த முத்திரையும் இல்லாத தராசில் தன் கூலியை வைக்கிறார். அந்தத் தராசின் அளவை அவரால் கண்டுபிடிக்கவே முடியாது. கண்டுபிடித்துச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு.

தடைதான் போட்டுவிட்டோமே, பிறகு விகிதத்தை எதற்கு வெளியிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் மனதார வரவேற்றவன். வாய்ப்பை மட்டுமே நம்பும் விளையாட்டுகளுக்கான தடையை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. ஆனால் தடை என்ற சொல் அந்த நோட்டில் எங்கும் இல்லை. "1.10க்கு மேல் கொடுக்கிறது" என்ற நம்பிக்கைதான் இருக்கிறது. ஒரு செயலியை முடக்கினால் அந்த நம்பிக்கை அடுத்த இணைப்புக்குப் போகிறது. கேசினோக்கள் உள்ள கோவாவுக்கு விடுமுறையில் போகும் நம் ஊர்க்காரர்களோடும், ஒன்றரை மணி நேர விமானத்தில் கொழும்பு கேசினோக்களுக்குப் போகிறவர்களோடும் சேர்ந்து போகிறது.

எனவே சில வேண்டுகோள்கள். போனைத் திறந்து பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. அதில் இருப்பது படமும் ஓசையும் மட்டுமே, முடிவு எங்கோ வெளிநாட்டுக் கணினியில் இருந்து வருகிறது. ஆனால் பணம் நம் வங்கிகளின் வழியாகத்தான் போகிறது, வருகிறது. நீங்கள் முடக்கும் ஒவ்வொரு தளத்துக்கும், தமிழ்நாட்டில் இருந்து உள்ளே போன தொகை எவ்வளவு, திரும்பி வந்த தொகை எவ்வளவு என்பதை வங்கிகளிடமும் பணப் பரிமாற்ற நிறுவனங்களிடமும் கேட்டு வாங்கி, தமிழில் வெளியிடுங்கள். நெவாடாவின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம், ஆடுபவர்கள் கட்டிய பணத்தில் தன் மாநிலக் கேசினோ எந்திரங்கள் எத்தனை விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டன என்பதை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் ஒரு சென்ட் எந்திரம் ஒரு டாலர் எந்திரத்தைவிட அதிகப் பங்கைப் பிடித்துக்கொள்வது பச்சையாகத் தெரியும். ஏழைக்குத்தான் தராசு அதிகம் சாய்கிறது. சூதாட்டத்தை அனுமதித்த மாநிலமே இதை வெளியிடும்போது, தடுக்க நினைக்கும் நம் மாநிலம் ஏன் தயங்க வேண்டும்?

இன்னொன்று, அச்சம். நம் மாநிலச் சட்டப்படி ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். ஒன்றியச் சட்டம் ஆடியவரைத் தண்டிக்கவில்லை. இந்த ஓட்டுநர் தன் நோட்டையும் வங்கிக் கணக்கையும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தால் அவர் சாட்சியா, குற்றவாளியா? சாட்சிதான் என்று நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் இப்படி ஆயிரம் நோட்டுகள் வரும். அந்தத் தளங்களைப் பற்றி அவற்றைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது.

ஆணையத்தில் ஓர் உளவியலாளரும் ஒரு தகவல் தொழில்நுட்ப வல்லுநரும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த இருவரும் சேர்ந்து ஒரே ஒரு தாள் எழுதட்டும். 'சூதாட்டம் கேடு' என்ற சுவரொட்டி வேண்டாம். அது எல்லாருக்கும் தெரியும். எட்டு ரூபாய் வெற்றி என்பது பன்னிரண்டு ரூபாய் இழப்பு என்று அதில் இருக்கட்டும். பிரிட்டனில் 2021 முதல், கட்டியதற்குச் சமமாகவோ குறைவாகவோ திரும்பும்போது இணைய ஸ்லாட் மணியடித்துக் கொண்டாடக் கூடாது என்று விதி இருக்கிறது. ஏன் அப்படி ஒரு விதி வந்தது என்று விளக்குங்கள். எந்திரத்துக்கு நினைவு கிடையாது என்பதை எழுதுங்கள். அதை ஆட்டோ நிறுத்தங்களிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்டுங்கள். கேசினோக்களை அனுமதித்துள்ள கோவா, சிக்கிம் அரசுகளுக்கு, எந்திரத்தின் விகிதத்தை அதன் முகப்பிலேயே எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்கும்படி ஒரு கடிதம் போடுங்கள். அங்கே போவது நம் மக்களும்தான்.

சோதிக்கும் பொறுப்பை ஒரே ஆளிடம் விட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். நெவாடா வாரியத்தில் எந்திரங்களின் நிரலைச் சோதிக்கும் பணியில் இருந்த ஊழியரே, குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் பரிசு விழும்படி சில எந்திரங்களை மாற்றிவைத்தார், 1995இல்தான் பிடிபட்டார்.

அந்த நோட்டு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பெயர் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு உங்களிடம் காட்டலாம் என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். சிவப்பு மையில் அவர் எழுதியதும் அதன் பக்கத்தில் நான் நீல மையில் எழுதியதும் அப்படியே இருக்கின்றன. மீதிப் பக்கங்களுக்கு நான் இன்னும் கழித்தல் போடவில்லை.

இப்படிக்கு,
ரிச்சி தெருப் பழுதுபார்ப்பவன்,
சென்னை