முன் வண்டி கவிழ்ந்த இடம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மற்றவர் தவறிலிருந்து கற்றுக்கொள்வதற்குத் தமிழில் என்ன பழமொழி என்று போனில் கேட்டாய். 'சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராது' என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அது பொருந்தாது. அங்கே சூடு பட்டதே அந்தப் பூனைதான். நீ கேட்டது, இன்னொரு பூனை சுட்டுக்கொண்டதைப் பார்த்து ஒதுங்கிய பூனையை.

நாலு நாளாக இதே நினைப்புதான். சீனத்தில் அச்சாக இருக்கிறது: 'முன் வண்டி கவிழ்ந்தால் பின் வண்டிக்கு எச்சரிக்கை.' கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே ஜியா யி என்ற அறிஞர், பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் இதை மக்கள் வழக்கு என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். இரண்டு வண்டிக்கும் பாதை ஒன்று, அதனால்தான் பாடமும் ஒட்டுகிறது. ஜப்பானியர் 'பிறர் நடையைப் பார்த்து உன் நடையைத் திருத்து' என்கிறார்கள். இது அன்றாடப் பழக்கங்களுக்கு. அரபியில், பிறரைக் கொண்டு பாடம் பெற்றவனே பாக்கியவான்.

ஸ்பானியத்தில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: 'அண்டை வீட்டுக்காரன் தாடியை மழிக்கக் கண்டால் உன் தாடியை ஊற வை.' ஆனால் இங்கே அண்டை வீட்டுக்காரன் தவறேதும் செய்யவில்லை. உனக்கும் முறை வரும், தயாராக இரு என்பதுதான் பேச்சு. நம்மிடம் அதற்குப் பக்கத்தில் நிற்பது 'காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்.' தாடிக்கும் ஓலைக்கும் சொல்லில் ஒட்டே கிடையாது. இணை தேடும்போது சொல்லை விட்டுவிடு கண்ணு, யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று பார்.

உன் கேள்விக்கு நேரான பதில் குறளில் இருந்தது. 539: 'இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக தாந்தம் மகிழ்ச்சியின் மைந்துறும் போழ்து.' மெத்தனத்தால் கெட்டவர்களை நினைத்துக்கொள்; எப்போது? நம் மகிழ்ச்சியில் நாமே மிதக்கும்போது. குறள் பழமொழி ஆகுமா என்பாய். சரி, ஆகாது. ஆனால் மேலே சொன்ன எதுவும் இப்படி நேரம் குறித்துச் சொல்லவில்லை.

ஸ்பானியத்திலேயே எதிர்ப்பேச்சும் உண்டு: 'அடுத்தவர் தலையில் விழுந்த அடியில் யாரும் திருந்துவதில்லை.' நாமும் 'பட்டால்தான் தெரியும்' என்கிறோமே. அதைப் படித்ததும் உன் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அப்புறமும், பதவி உயர்வு வந்த சந்தோஷத்தில், தெரிந்தவர் ஒருவர் கேட்டதும் அதே கையெழுத்தை நானும் போட்டேன். ஐந்து வருடம் அந்தக் கடனைக் கட்டினேன். அந்த நாளில் தாத்தா நினைவுக்கே வரவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

உன்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை. கடைசித் தவணை ரசீது என் பெட்டியில்தான் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது எடுத்துக் காட்டுகிறேன்.

உன் அம்மா